மானுக்கு யாருங்க புகை போடுவா?

கேள்வி: ஏனுங்க, எங்க கட்டுத்தரைல ஈக்கடி தாங்காம எருமைக்கு சாயங்காலமானா வேப்பந்தழ புகை போடறோம், பண்ணாரி காட்டுல இருக்கற மானெல்லாம் வெயில் காலத்துல என்னதான் பண்ணும்? - வாசகர், சத்தியமங்கலம்

பதில்: அதுக்கு தோலே ஆயுதமுங்க, ஈ உக்காந்த எடம் மட்டும் சடக்குனு சிலிர்க்கும், காதும் வாலும் சும்மாவே இருக்காது, எட்டாத எடத்த பின்னங்கால் குளம்புல சொறிஞ்சுக்கும். கடமான் இருக்குதுங்களே, அது உங்க எருமையோட பங்காளின்னே சொல்லலாம், சேத்துல நல்லா பொரண்டு எந்திரிச்சு வரும், அந்த சேறு காஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா ஈ கடிக்கறது கஷ்டம், ஒடம்புச் சூடும் தணியும். புள்ளிமான் சேத்துப்பக்கம் அவ்வளவா போகாது, அதுக்கு மைனாதான் வைத்தியர், முதுகுல ஏறி உண்ணிய கொத்திக் கொத்தித் திங்கும், மானும் சொகமா அசையாம நிக்கும். நம்மூட்டு மாட்டு முதுகுல கரிச்சான் உக்காந்திருக்குமே, அது வேறங்க, அது உண்ணிக்கு வரல, மாடு நடக்கறப்ப புல்லுல இருந்து கெளம்பற பூச்சிய புடிக்க வருது.