செம்புறாங்கல்லைக் கரைக்க மருந்து உண்டா?

கேள்வி: ஐயா, கந்தர்வகோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டு நிலம். ஒன்றரை அடி மண்ணுக்குக் கீழே செம்புறாங்கல். ஆனியில் ஜேசிபி வைத்து மூன்றடிக் குழி எடுத்து 120 பலாக்கன்று நட்டேன். ஐப்பசி மழைக்குப் பிறகு பாதிக்கு மேல் பழுத்துக் காய்ந்துவிட்டது. கல்லைக் கரைக்கும் திரவம் என்று உரக்கடையில் ஒன்று தருகிறார்கள். வாங்கலாமா, இல்லை நிலம் முழுக்கக் கல்லைப் பெயர்த்துவிடலாமா? கிணற்றில் வேறு கல்லுக்கு அடியில் மண் சரிகிறது. மோட்டார் கொட்டகை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

பதில்: கன்று இருக்கட்டும், முதலில் கிணறு. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைப் படித்ததும் பகீரென்றது. உங்கள் ஊரில் மேலே இருக்கும் செம்புறாங்கல் கெட்டி. அதன் கீழே இருப்பது வெளிறிய களிமண், ஈரம் பட்டால் மாவாகக் குழையும். தண்ணீர் ஏறி இறங்கும்போது களி கரைந்து உள்வாங்கும், கல் மட்டும் திண்ணை மாதிரி அந்தரத்தில் நிற்கும். மேலே நின்று பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். விழும்போது மொத்தமாக விழும். மோட்டாரை இந்த வாரமே பத்தடி தள்ளி வையுங்கள். தூர் வார யாரையும் இறக்காதீர்கள். மழைத் தண்ணீர் கிணற்றோரம் வராமல் வரப்புப் போடுங்கள். கோடையில் அனுபவமுள்ள கிணற்று ஆளை வைத்து, அடியிலிருந்து உறை ஏற்றிப் பின்பக்கம் சரளை நிரப்பச் சொல்லுங்கள்.

கன்று செத்ததும் இதே அமைப்பால்தான். கல்லில் எடுத்த குழி கல்தொட்டி. இன்னும் ஆழமாகத் தோண்டினாலும் கீழே களி, தண்ணீர் இறங்காது. பலா வேர் தேங்கும் நீரைத் தாங்காது. காலியான குழிகளில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் வற்றியிருந்தால் கல்லில் விரிசல் இருக்கிறது, அங்கே நடலாம். நின்றால் அதை மூடிவிட்டு, பக்கத்தில் இரண்டடி உயரம், ஆறடி அகலம் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தேங்கும் பகுதியில் முந்திரியும் வேண்டாம்.

மருந்து? வாங்காதீர்கள். பல்லடம் பக்கத்துச் சுக்காங்கல்லில் ஆசிட் பட்டால் நுரைக்கும், அது சுண்ணாம்பு. உங்களுடையது இரும்புக் கல், அப்படிக் கரையாது. கடைக்காரர் அந்தத் திரவத்தை உங்கள் கல் துண்டு ஒன்றின் மேல் உங்கள் கண் முன்னால் ஊற்றிக் காட்டட்டும். விவசாயியின் பதற்றத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பெயர்க்கவும் வேண்டாம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் ஜேசிபிதான் ஜெயிக்கிறது. ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, 1807இல் வெளியான நூலில் எழுதியதே இதைத்தான்: வெட்டும்போது மென்மை, காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் லாட்டரைட் என்று பெயர் வைத்தார். இளசாக இருக்கும் அடுக்கைக் கிளறி வெயிலில் போட்டால் புதுக் கல்லை நீங்களே விளைவிக்கிறீர்கள். அந்தப் பணத்தில் மூடாக்கு வாங்குங்கள். கடலைக்கொடி, முந்திரிச் சருகு, கிளைரிசிடியா எது கிடைத்தாலும் சரி, மேட்டைச் சுற்றி அரையடிக் கனம், தண்டை ஒட்டாமல். அதன் கீழே மண் ஈரமாகவும் இளக்கமாகவும் இருக்கும், வேர் தானாகவே விரிசலைத் தேடிப் போகும்.

டிஏபியைக் கொட்டுவதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். இந்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் அந்த உரத்திலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்து வைத்துக்கொள்ளும். கார அமில நிலை 5.5க்குக் கீழே இருந்தால் ராக் பாஸ்பேட்டைத் தொழுஉரத்தோடு கலந்து போடுங்கள்.

கொட்டகையை மாற்றியதும் ஒரு வரி எழுதுங்கள்.