ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு மாடல் அப்ஸ்ட்ராக்ட்தானா (தனக்கென டேபிள் இல்லாமல், பிற மாடல்களுக்குத் தாய் கிளாஸாக மட்டும் இருப்பதா) என்று கோடில் எப்படிப் பார்ப்பது?

இன்ஸ்பெக்ட் மாட்யூலின் இஸ்அப்ஸ்ட்ராக்ட் எந்த மாடலைக் கொடுத்தாலும் ஃபால்ஸ் என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது பைத்தானின் கணக்கு. ஏபிசிமெட்டா என்ற மெட்டாகிளாஸ் (கிளாஸ்களையே உருவாக்கும் கிளாஸ்) வழி வந்த கிளாஸில், எழுதி முடிக்காத அப்ஸ்ட்ராக்ட்மெத்தட் ஒன்றாவது மிச்சம் இருந்தால்தான் ட்ரூ வரும். ஜாங்கோ மாடல்களை உருவாக்குவது மாடல்பேஸ் என்ற வேறு மெட்டாகிளாஸ். அதனால் ஜாங்கோவிடமே கேளுங்கள். உங்கள் மாடலின் பெயர் டைம்ஸ்டாம்ப்பேஸ் என்று வைத்துக்கொண்டால்:

டைம்ஸ்டாம்ப்பேஸ்._மெட்டா.அப்ஸ்ட்ராக்ட்

முன்னால் அண்டர்ஸ்கோர் இருக்கிறதே, தொடலாமா என்று தயங்க வேண்டாம். _மெட்டா ஏபிஐயை 2015-ல் வந்த 1.8 பதிப்பிலேயே முறைப்படி டாக்குமென்டேஷனில் சேர்த்துவிட்டார்கள்.

அண்டர்ஸ்கோரை விட்டுவிட்டு டைம்ஸ்டாம்ப்பேஸ்.மெட்டா.அப்ஸ்ட்ராக்ட் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாடலுக்குள் எழுதும் மெட்டா என்ற உள் கிளாஸில் நீங்களே அப்ஸ்ட்ராக்ட் = ட்ரூ என்று எழுதியிருந்தாலும் ஃபால்ஸ்தான் வரும். காரணம் இதுதான்: மாடல்பேஸ் அந்த ட்ரூவைப் படித்து _மெட்டாவில் குறித்துக்கொள்கிறது, உடனே உங்கள் மெட்டாவில் இருப்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, அதைக் கிளாஸில் திரும்ப ஒட்டுகிறது. டைம்ஸ்டாம்ப்பேஸிலிருந்து வரும் இன்வாய்ஸ் என்ற பிள்ளை கிளாஸ் அந்த மெட்டாவை அப்படியே வாங்கிக்கொண்டாலும் அதற்கு டேபிள் உருவாக வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மிக நேர்த்தியாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். பிள்ளையும் அப்ஸ்ட்ராக்டாக இருக்க வேண்டுமென்றால் அதன் மெட்டாவில் ட்ரூ என்று மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: மாடல்ஸ்.மாடல் என்ற மூல கிளாஸுக்கும், மாடலாக இல்லாத சாதாரண மிக்ஸின்களுக்கும் (பிற கிளாஸ்களோடு சேர்த்துக்கொள்ளும் துணை கிளாஸ்கள்) _மெட்டாவே கிடையாது. கையில் வருவது எந்த கிளாஸ் என்று தெரியாத இடத்தில் நேரடியாகத் தொட்டால் ஆட்ரிப்யூட்எரர் விழும். முதலில் _மெட்டா இருக்கிறதா என்று ஹாஸ்ஆட்டர் போட்டுப் பாருங்கள். ஆப்ஜெக்ட் உருவாக்கிப் பார்த்து எரர் வருகிறதா என்று சோதிப்பது நல்ல வழியல்ல, 3.2-க்கு முந்தைய பதிப்புகள் அப்ஸ்ட்ராக்ட் மாடலிலும் ஆப்ஜெக்ட் உருவாக்க விட்டுவிடும்.

எல்லா மாடல்களையும் லூப்பில் சுற்றுவதற்காகத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றால் செக்கே தேவையில்லை. ஆப்ஸ்.கெட்_மாடல்ஸ் அப்ஸ்ட்ராக்ட் மாடல்களைத் தருவதே இல்லை, அவை ஜாங்கோவின் மாடல் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் ஏறுவதில்லை. __சப்கிளாஸஸ்__ வழியாக நீங்களே மரம் ஏறி இறங்கும்போதுதான் மேலே சொன்னது வேண்டும். ஆனால் கெட்_மாடல்ஸில் பிராக்ஸி மாடல்கள் (வேறொரு மாடலின் டேபிளையே பயன்படுத்துபவை) வரும். டேபிள்வாரியாக எண்ணுகிறீர்கள் என்றால் _மெட்டா.பிராக்ஸியையும் பார்த்து அவற்றை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே டேபிளை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.