போர் முடிந்த ஊரில் வாள் எங்கிருந்து வந்தது?

'போர்க் கலாசாரத்துக்கும் சமூகத்தில் நடக்கும் கும்பல் வன்முறைக்கும் தொடர்பு உண்டா?' என்பது கேள்வி. உண்டு. ஆனால் களத்தில் துவக்குப் பிடித்தவன்தான் ஊருக்குத் திரும்பி வந்து வெட்டுகிறான் என்று நினைத்தால், பாதிக் கதைதான் தெரியும்.

2018இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு பின்னேரம் நான்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. எட்டுப் பேர், முகத்தில் கறுப்புத் துணி, கையில் வாள். எதிர்வீட்டுப் படலையைப் பிளந்து, யன்னல்களை நொறுக்கி, முற்றத்தில் நின்ற ஸ்கூட்டிக்குத் தீ வைத்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் போய்விட்டார்கள். ஏதோ காதல் தகராறாம். பிறகு பிடிபட்ட இருவருக்கும் இருபது வயதுகூட இல்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இலங்கையின் தெற்கில் நிலைமை வேறு. அங்கே படையை விட்டு ஓடியவர்கள் பாதாள உலகக் குழுக்களுக்குப் பயிற்சி பெற்ற கைகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். 2024இல்கூட அரசு அவர்களுக்குப் பொது மன்னிப்புக் காலம் அறிவிக்க வேண்டியிருந்தது. தெருவில் சுடப்படும் டி-56 துவக்குகளும் போர்க்காலத்துச் சரக்குத்தான்.

எங்கள் பொடியன்களிடம் துவக்கும் இல்லை, பயிற்சியும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் டேன் ஆர்ச்சரும் ரோஸ்மேரி கார்ட்னரும் 1976இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. போருக்குப் பிறகு வென்ற நாடுகளிலும் கொலைகள் கூடியிருந்தன, தோற்ற நாடுகளிலும் கூடியிருந்தன. களத்துக்கே போகாத பெண்கள் செய்த கொலைகளும் சேர்ந்து கூடியிருந்தன. கொல்வதை ஒரு நாடு வருடக்கணக்காகப் புகழ்ந்துகொண்டிருந்தால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாருக்கும் அது பழகிவிடுகிறது என்பதுதான் அவர்கள் கண்ட காரணம்.

எங்களுக்கு அது பழகிய விதம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நாங்கள் கள்ளன் பொலிஸ் விளையாடவில்லை. பூவரசந் தடியை வைத்துக்கொண்டு ஆமியும் இயக்கமும், அதாவது இராணுவமும் புலிகளும், விளையாடினோம். ஆமியாக இருக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால், கூட்டத்தில் ஆகச் சின்னவனை அந்தப் பக்கம் தள்ளிவிடுவோம். பிடிபட்டவனை விசாரிப்பதும் விளையாட்டில் உண்டு. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

எதிர்வீடு உடைபட்ட மறுநாள் காலை, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே அந்த வீட்டு மாமி சொன்னார்: "இயக்கம் இருந்திருந்தால் இவங்களை லைட் போஸ்டில் கட்டியிருப்பாங்கள்."

எண்பதுகளில் அப்படிச் சுடப்பட்டு, கழுத்தில் குற்றம் எழுதிய அட்டையோடு தொங்கியவர்களை மாமி கண்டிருக்கிறார். அதில் ஒருவர் அவருக்குத் தூரத்துச் சொந்தம்கூட. படலையடியில் நின்ற ஏழெட்டுப் பேரும் தலையாட்டினோம். நானும்தான்.