கம்பிக்குப் பின்னால் காக்கிச் சட்டை

கேள்வி (ஒரு வாசகர், திருநெல்வேலி): வீடியோ கேசட் காலத்து ஆங்கில அடிதடிப் படங்களில், நேர்மையான போலீஸ்காரரைப் பொய் வழக்கில் சிக்கவைத்துச் சிறைக்கு அனுப்பும் கதை திரும்பத் திரும்ப வருவது ஏன்?

பதில்: நியாயத்தைவிடச் செலவுக் கணக்குதான் முக்கியக் காரணம். தெருவில் கார் துரத்தலைப் படமாக்க அனுமதி, பாதுகாப்பு, நொறுக்குவதற்கு வண்டிகள் என்று பணம் கரையும். சிறை என்றால் ஒரு நீண்ட நடைவழியும், சில இரும்புக் கதவுகளும், ஒரே நிறச் சீருடையில் இருபது துணை நடிகர்களும் போதும். சலவை அறையில் ஆவியைக் கிளப்பிவிட்டால், செட்டில் பாதிச் சுவர் எழுப்பப்படவே இல்லை என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. கதாசிரியருக்கும் பாடு குறைவு. நாயகனை ஊரே ஏன் அடிக்க வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. அவர் தட்டை ஏந்திச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, அவர் முன்பு பிடித்து உள்ளே தள்ளிய ஒருவன் எதிர் மேசையில் மெல்லத் தலை நிமிர்ந்தாலே சண்டை தயார்.

1989-இல் வெளிவந்த ‘டாங்கோ அண்ட் கேஷ்’ இதற்குப் பணக்கார உதாரணம். ஸ்டாலோனும் கர்ட் ரஸ்ஸலும் நடித்த இரு காவலர்கள், ஜோடிக்கப்பட்ட ஒலிநாடாவால் மாட்டிக்கொண்டு, காவல் குறைந்த சிறை என்ற பேரத்தை நம்பி வழக்காடாமல் விட்டுவிட, பழைய எதிரிகள் நிறைந்த கடுங்காவல் சிறையில் கொண்டுபோய்த் தள்ளப்படுகிறார்கள். அந்தப் படத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. அடுத்த ஆண்டே சுமார் 60 லட்சம் டாலரில் வந்த ‘டெத் வாரன்ட்’ படத்தில், வான் டாம் கைதி வேடத்தில் துப்பறியச் செல்லும் காவலர்; ஆகவே பொய் வழக்கு அங்கே இல்லை. ஆனால் அவர் பிடித்த கொலைகாரன் அதே சிறைக்கு வந்துசேர்ந்ததும் கதை இதே பாதைக்குத் திரும்பி, கொதிகலன் அறைச் சண்டையில் முடிகிறது. என் கணிப்பில், கைச்செலவைச் சுருக்கிய இந்தப் படம்தான் இறுக்கமானது. பெரிய படத்தின் கடைசி அரைமணி நேரம் வெறும் வாணவேடிக்கை.

கேள்வி (அதே வாசகர்): நிஜத்திலும் போலீஸ்காரரை மற்றக் கைதிகளோடு அடைத்துவிடுவார்களா?

பதில்: அமெரிக்காவில் பொதுவாகத் தனியே பிரித்துத்தான் வைப்பார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் கொன்றதற்காக 2021-இல் தண்டனை பெற்ற முன்னாள் போலீஸ்காரர் டெரக் ஷாவின், நிரபராதி அல்லர் என்றாலும், மின்னசோட்டா சிறையில் பாதுகாப்புக்காகத் தனி அறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். பின்னர் அரிசோனாவின் டூசான் நகரச் சிறைக்கு மாற்றப்பட்ட அவர், 2023 நவம்பரில் அங்குள்ள சட்ட நூலகத்தில் 22 முறை குத்தப்பட்டு உயிர் பிழைத்தார். குத்தியதாக வழக்குத் தொடரப்பட்டவரோ, அவர் கைது செய்து அனுப்பிய ஆள் அல்லர்.