ஈ.ஆர் 90% என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: 52 வயதான என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. ரிப்போர்ட்டில் ஈ.ஆர் 90%, பி.ஆர் 10%, ஹெர்-2 புரதம் நெகட்டிவ் என்று இருந்தது. நோய் அவ்வளவு முற்றியிருந்ததா? இப்போது ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது. மூட்டுவலி தாங்காமல், லெட்ரோசோல் மாத்திரையை நிறுத்தட்டுமா என்று கேட்கிறார்.

பதில்: முதலில் அந்த 90% பயத்தை விடுங்கள். அது நோயின் அளவே இல்லை. கட்டியின் செல்களில் எத்தனை சதவீதத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி (அதுதான் ஈ.ஆர்) இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. 1% இருந்தாலே பாசிட்டிவ். 1 முதல் 10 வரை குறைந்த பாசிட்டிவ். 90% என்றால் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரை (அக்காவின் லெட்ரோசோல் இந்த வகைதான்) நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். எவ்வளவு முற்றியது என்பதைக் கட்டியின் அளவும் அக்குள் நிணநீர் முடிச்சுகளும்தான் காட்டும். பி.ஆர், அதாவது புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி, குறைவாக இருப்பது அவ்வளவு சாதகமானதல்ல, ஆனால் அதனால் மாத்திரை தேவையில்லை என்று ஆகாது.

இனி மாத்திரை விஷயம். ஈ.ஆர் நெகட்டிவ் நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் திரும்பும். ஐந்து வருடம் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஈ.ஆர் பாசிட்டிவ் அப்படியல்ல. ஆரம்பத்தில் அமைதியாக இருந்துவிட்டுப் பல வருடம் கழித்தும் வரும். ஐந்து வருடம் ஹார்மோன் சிகிச்சை எடுத்து, அப்போது நோயின்றி இருந்த சுமார் 63,000 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டி 2 செ.மீ.க்குள் இருந்து நிணநீர் முடிச்சில் பரவாதவர்களுக்குக்கூட, அடுத்த 15 வருடங்களில் உடலின் வேறு பாகத்தில் நோய் வரும் ஆபத்து 13%. அதே அளவு கட்டியோடு 4 முதல் 9 முடிச்சுகளில் பரவியிருந்தவர்களுக்கு 34%. ஆங்காங்கே தங்கிவிட்ட ஒன்றிரண்டு செல்கள் ஸ்கேனில் தெரியாது. அதனால் ஸ்கேன் சரியாக இருப்பதை வைத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அதற்காக வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. லெட்ரோசோல் வகை மாத்திரைகளில் மூட்டுவலி மிகச் சாதாரணம். அக்கா மிகைப்படுத்தவில்லை. டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் அல்லது டமாக்சிஃபெனுக்கு மாற்றலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. தினசரி நடையும் தசைப் பயிற்சியும் வலியை ஓரளவு குறைக்கும். லெட்ரோசோல் வகை எலும்பைப் பலவீனமாக்கும் என்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். டமாக்சிஃபெனுக்கு மாறினால், மன அழுத்தத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா என்பதைச் சொல்ல வேண்டும். பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் இரண்டும் அதோடு ஒத்துப்போகாது.

அப்புறம் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கீமோவால் நின்ற மாதவிடாய் சிலருக்குத் திரும்பிவிடும். சினைப்பை மீண்டும் இயங்கி ஈஸ்ட்ரோஜனைச் சுரந்தால் லெட்ரோசோல் தனியாகப் பலன் தராது. அக்காவுக்கு லேசாக ரத்தம் பட்டால்கூட அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.