குழு வேறுபாடு நோயறி குறியீடு ஆகுமா?

வணக்கம். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) உள்ள குழந்தைகள், உடனே செயல்படும் உந்துதலை அடக்க முடிகிறதா என்று பார்க்கும் உங்கள் தூண்டல் அடக்கச் சோதனையில் நலமான குழந்தைகளைவிடக் கூடுதலாகத் தவறு செய்ததாகவும், இரு குழுச் சராசரிகளின் வேறுபாடு 0.6 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) என்றும் எழுதி, இதை நோயறி குறியீடாக, அதாவது ஒரு குழந்தைக்கு அந்தக் குறைபாடு உள்ளதா என்று காட்டும் அடையாளமாக, முன்வைக்கலாமா எனக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் (சராசரியைச் சுற்றி மணி வடிவில்) இருந்தால், அந்த அளவில் இரு குழுக்களும் ஏறக்குறைய 76 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். எல்லைக்கோட்டை எங்கே வைத்தாலும் ஏராளமான குழந்தைகள் தவறான பக்கத்தில் விழுவார்கள். சில வாரங்கள் கழித்து அதே குழந்தைகளை மீண்டும் சோதித்து, மதிப்பெண்கள் நிலைக்கின்றனவா என்று பாருங்கள். அதைவிட, ஒப்பீட்டுக்கு நலமான குழந்தைகளை மட்டும் எடுத்ததே எனக்குப் பெரும் கவலை தருகிறது: மருத்துவரிடம் அழைத்துவரப்படுபவர்களில் பதற்றம், உறக்கக்குறைவு, கற்றல் இடர்ப்பாடு உள்ளவர்களும் இருப்பார்கள், அவர்களிடமிருந்து பிரித்தறிய முடிகிறதா என்பதை உங்கள் அடுத்த ஆய்வு சோதிக்க வேண்டும்.