ஆறு கிலோ வான்கோழியை முழுசாகச் சுடலாமா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள்: கிறிஸ்துமஸ் அன்று மதியம் பதினைந்து பேர் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மகள் குடும்பமும் வருகிறது. பேரப்பிள்ளைகளுக்கு வான்கோழியை முழுசாக மேசையில் பார்க்க ஆசை. போன வருடம் 28 லிட்டர் ஓடிஜி மின்அடுப்பில் முழுசாக வைத்ததில் நெஞ்சுக்கறி வைக்கோல் மாதிரி காய்ந்துவிட்டது, தொடை மூட்டை வெட்டினால் ரத்தம். இந்த வருடம் ஒரு புரோக்கர் ஆறு கிலோ உயிர்ப்பறவை தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். பக்கத்து பேக்கரிக்காரர் போர்மாவில், அதாவது ரொட்டி சுடும் அடுப்பில், வைத்துத் தருகிறேன் என்கிறார். இல்லாவிட்டால் உறைந்த வான்கோழியே வாங்கிவிடலாமா?

அம்மா, முதலில் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். பறவையைக் கையில் தூக்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அடுத்தது, அந்த ஓடிஜியில் முழுசாக வைக்காதீர்கள். நெஞ்சைத் தனியாகச் சுடுங்கள், கால்களைத் தனியாக உருளியில் வேகவையுங்கள். பேரப்பிள்ளைகள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

போன வருடம் நடந்தது உங்கள் தப்பு இல்லை. வான்கோழியில் இருப்பது இரண்டு வகைக் கறி. நெஞ்சில் கொழுப்பு கிடையாது, சீக்கிரம் வெந்துவிடும், அதற்குமேல் அடுப்பில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் சாறு வற்றும். கால் வேறு ரகம். நடந்து நடந்து உரமேறிய தசை, மூட்டைச் சுற்றிச் சவ்வு. நெஞ்சின் நடுவில் சூடு 74 டிகிரி வந்தால் போதும். கால் கறி மிருதுவாக 80, 85 டிகிரிக்குப் போக வேண்டும், அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கவும் வேண்டும். ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் இரண்டையும் எப்படிப் பிடிப்பது? உங்கள் ஓடிஜியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அத்தனை பெரிய பறவையை உள்ளே வைத்தால் நெஞ்சு மேல் கம்பியைத் தொடுகிற மாதிரி நிற்கும். மேலே கருகும்போது அடியில் மூட்டு பச்சையாகவே கிடக்கும்.

இனி வாங்குகிற விஷயம். முப்பது வருடமாக மார்த்தாண்டம் பக்கத்தில் விருந்துச் சமையல் செய்கிறேன். வான்கோழி கெட்டுப்போவது அடுப்பில் என்பதைவிட, வாங்குகிற இடத்தில்தான் அதிகம். டிசம்பர் இரண்டாம் வாரம் தொடங்கினால் சாலையோரமெல்லாம் கூண்டு வந்துவிடும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்து இனிப் பயன்படாது என்று கழித்த கிழட்டுச் சேவல்கள் அப்போதுதான் வெளியே வரும். தோகையை விரித்து நிற்கும், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். நாமும் அதைத்தான் விரல் காட்டுவோம். புரோக்கருக்கு வேண்டியதும் அதுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. நெஞ்செலும்பு வயிற்றுப் பக்கம் முடிகிற நுனியை விரலால் அழுத்துங்கள். குருத்தெலும்பாக வளைந்து கொடுத்தால் இளசு. கல் மாதிரி நின்றால் முற்றல். காலில் பின்பக்கம் சேவலுக்கு இருக்கும் முள் சின்ன மொட்டு போல இருக்க வேண்டும். நீண்டு கூராக இருந்தால் அந்தப் பறவையை விட்டுவிடுங்கள். அப்புறம் கழுத்து அடியில் தீன்பையைத் தொட்டுப் பாருங்கள். எடை போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தானியத்தையும் தண்ணீரையும் புகட்டிவிடுவார்கள். பந்து போல உருண்டிருந்தால் நீங்கள் கறி விலைக்குச் சோளம் வாங்குகிறீர்கள். முடிந்தால் பெட்டையாக வாங்குங்கள். சேவல் அளவுக்கு எடை இருக்காது, ஆனால் எலும்புக்குக் கறி அதிகம், வேகவும் எளிது.

ஆறு கிலோ உயிர் எடை என்றால் சுத்தம் செய்தபின் ஏறக்குறைய நாலரை கிலோதான் நிற்கும். மற்றக் கறிகளோடு பதினைந்து பேருக்கு அது தாராளம். தராசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் தராசு முத்திரையைத் தொழிலாளர் துறை பார்க்கிறது, அந்தப் பக்கம் கேரளத்தில் அதற்குத் தனித் துறை. கூண்டு வண்டி எந்தப் பக்கமும் நிற்கும். ஒருமுறை தராசு காட்டியதில் ஒரு கிலோ குறைந்திருந்தது. புகார் சொல்லப் போனேன். இது எல்லைக்கு அந்தப் பக்க வண்டி, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். அங்கே போனால், விற்றது உங்கள் ஊரில்தானே என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு மாதம் நடக்கிற வியாபாரம், எல்லோருக்கும் தெரியும், அந்த ஒரு மாதம் ஒரு ஆளை நிறுத்திச் சோதிக்க இவர்களுக்கு முடியாதா? வீட்டுத் தராசைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அறுக்கும் இடத்தில் பக்கத்தில் நில்லுங்கள். சொல்லாவிட்டால் இறகோடு சேர்த்துத் தோலையும் உரித்துத் தந்துவிடுவார்கள், அவர்களுக்கு அது சுலபம். தோல் போனால் சுடுகிற கதை அதோடு முடிந்தது. நெஞ்சுக்கறிக்கு உள்ள ஒரே போர்வை அந்தத் தோல். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கி, நாட்டுக்கோழிக்குச் செய்வது போலத் தீயில் லேசாக வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவித் தரச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

25ஆம் தேதி மதியம் விருந்து என்றால் 23ஆம் தேதி காலையில் அறுத்துவிடுங்கள். அறுத்த உடனே சமைத்தால் கறி விறைத்துக்கொண்டு ரப்பராகும். குறைந்தது எட்டு மணி நேரமாவது குளிரில் கிடக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இடமில்லாவிட்டால் மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டியைப் புதிதாக ஒன்று வாங்கி, கறியைப் பாலித்தீன் பையில் கட்டி, மேலும் கீழும் ஐஸ் போட்டு மூடுங்கள். ஐஸ் உருக உருகத் தண்ணீரை வடித்து மறுபடி போட வேண்டும். அன்று ராத்திரி கால்களை மூட்டோடு பிரித்தெடுங்கள். நெஞ்சை எலும்போடும் தோலோடும் ஒரே துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பும் கழுத்தும் சூப்புக்கு.

உப்பு மட்டும் அன்று ராத்திரியே போட்டுவிடுங்கள், மசாலா வேண்டாம். கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் தூள் உப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. நெஞ்சில் தோலுக்கு அடியில் விரலை விட்டுக் கிழியாமல் விலக்கி உள்ளேயும் தேயுங்கள். முதலில் தண்ணீர் விடும், பயப்படாதீர்கள், விட்டதைக் கறியே திரும்ப இழுத்துக்கொள்ளும். 24ஆம் தேதி முழுக்க ஃப்ரிட்ஜில் மூடாமல் இருந்தால் தோல் காகிதம் போலக் காயும். அதுதான் அடுப்பில் மொறுமொறுப்பாகும்.

24 சாயங்காலம் கால்களைச் சமைத்துவிடுங்கள். நம் வறுத்தரைத்த கறிதான் அதற்குப் பொருத்தம். தேங்காயும் கொத்தமல்லியும் வத்தல்மிளகாயும் நிறம் மாறும்வரை வறுத்து, நல்லமிளகு (குறுமிளகு), பட்டை, கிராம்பு சேர்த்து அரையுங்கள். உருளியில் தேங்காயெண்ணெய் ஊற்றிக் கால் துண்டுகளை எல்லாப் பக்கமும் சிவக்கப் பிரட்டி எடுத்து, அதே எண்ணெயில் உள்ளி (வெங்காயம்) வதக்கி, அரைப்பும் வெந்நீரும் சேர்த்து, மூடி, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கறி எலும்பிலிருந்து தானாக விலகும்போதுதான் சரி. முற்றலாக மாட்டிக்கொண்டால் குக்கரில் முதல் விசில் வந்தபின் தீயைக் குறைத்து அரை மணி நேரம். உப்பு ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள், குழம்பில் ருசி பார்த்துச் சேருங்கள். சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆப்பத்தோடு பரிமாறினால் முதல் நாளைவிட ருசி கூடியிருக்கும்.

25 காலை நெஞ்சு. அடுப்பில் வைப்பதற்கு முன் வெண்ணெயில் இடித்த நல்லமிளகும் பூண்டும் குழைத்துத் தோலுக்கு அடியில் பூசுங்கள். ஓடிஜியை 170 டிகிரிக்குச் சூடாக்கி, தோல் மேலே பார்க்க வைத்து, ஐம்பது நிமிடத்திலிருந்து சோதிக்கத் தொடங்குங்கள். இரண்டு கிலோ துண்டுக்கு ஒன்று முதல் ஒன்றே கால் மணி நேரம் பிடிக்கலாம். தோல் சீக்கிரம் சிவந்தால் மேலே ஃபாயில் போடுங்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தயவுசெய்து வாங்குங்கள். எலும்பில் படாமல் கறியின் நடுவில் குத்தி, 74 காட்டியதும் வெளியே எடுத்து, இருபது நிமிடம் தொடாமல் விட்டு அப்புறம் வெட்டுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

போர்மா விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். முழுசாகச் சுடாதீர்கள் என்று சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளும் ஒரே விதிவிலக்கு அதுதான். ஆனால் உண்மையான போர்மாவாக இருக்க வேண்டும். செங்கல் கட்டி, உள்ளே விறகு எரித்து, தணலை வாரிவிட்டு, கல் வாங்கிய சூட்டில் ரொட்டி சுடுவார்களே, அது. சூடு எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராக வந்து, மெல்ல மெல்லத்தான் இறங்கும். பெரிய பறவைக்கு அதைவிட நல்ல அடுப்பு இல்லை. இன்று பல கடைகளில் போர்மாவை இடித்துவிட்டுக் காற்றாடி வைத்த சுழல் அடுப்பு போட்டிருக்கிறார்கள், பெயர் மட்டும் போர்மா. அந்தக் காற்று நெஞ்சை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடும். ஆகவே நேரில் போய்ப் பாருங்கள்.

உண்மையான போர்மா என்றாலும், சுத்தம் செய்தபின் நாலு கிலோவுக்கு மேல் போகாத பெட்டையாக இருக்கட்டும். கால்களைக் கட்டாமல் அகல விரித்து வையுங்கள், மூட்டுக்குச் சூடு போக வேண்டும். தட்டில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர், நெஞ்சுக்கு மட்டும் பாதி நேரம்வரை ஃபாயில். எப்போது உள்ளே போகிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கிறிஸ்துமஸ் வாரத்தில் போர்மா முழுக்க கேக்தான். கடைசித் தட்டு கேக் வெளியே வந்து, சூடெல்லாம் இறங்கிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு உங்கள் பறவையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். ஆறிக்கொண்டே வரும் கல்லுக்குள் கறி ராத்திரி முழுக்க அந்த இடைவெளியில் கிடக்கும். ஒரு வருடம் எனக்கு அப்படித் திரும்பி வந்த பறவை மேலே பொன்னிறம், காலை விலக்கினால் புளித்த வாடை. விருந்துக்கு ஐந்து மணி நேரம்தான் இருந்தது, முழுசையும் குழிதோண்டிப் புதைத்தேன். பழைய போர்மாக்காரர்கள் ஒரு பிடி மாவைத் தரையில் தூவிப் பார்ப்பார்கள். உடனே கருகினால் சூடு அதிகம், மெல்லப் பழுப்பேறினால் பக்குவம். அந்தப் பக்குவத்தில், 25 காலையில், நீங்கள் நிற்கும்போது உள்ளே போகட்டும். தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டு போய், தொடையும் உடலும் சேருமிடத்தில் குத்திப் பாருங்கள், அங்கே 80 காட்ட வேண்டும். பத்து வீட்டுப் பறவை ஒன்றாகக் கிடக்கும், உங்களுடையதன் காலில் ஒரு கம்பியைச் சுற்றி அடையாளம் வையுங்கள்.

இந்த நிபந்தனைகளுக்கு பேக்கரிக்காரர் சரி என்று சொல்லாவிட்டால் போர்மாவை மறந்துவிடுங்கள்.

உறைந்த வான்கோழி தப்பில்லை, ஆனால் வாங்குமுன் பையைப் பாருங்கள். உள்ளே சிவந்த தண்ணீர் கட்டியாக உறைந்திருந்தால் வழியில் எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். உறைவு நீங்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் வீதம் வைக்க வேண்டும், நாலரை கிலோவுக்கு இரண்டு நாளுக்கு மேலே ஆகும். அடுப்படித் திண்ணையில் வைத்து உருக்காதீர்கள். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வெளியே வைக்கச் சொல்லும் அறைச் சூடு நம் ஊர்ச் சூடு அல்ல.

வயிற்றுக்குள் முட்டையும் மசாலாவும் நிறைப்பது மலபாரில் கோழிக்குச் செய்வார்கள், ஒரு கிலோ கோழிக்கு அது சரி. வான்கோழிக்கு வேண்டாம், உள்ளே சூடு போய்ச் சேருவதற்குள் நெஞ்சு போய்விடும். முழுசாக எண்ணெயில் பொரிப்பது வீட்டுக்குள் செய்கிற காரியமே இல்லை.

பறவைக் காய்ச்சல் பயமும் டிசம்பரில் வருவதுண்டு. 2021 டிசம்பரில் ஆலப்புழை பக்கம் வாத்துகளில் கண்டபோது எல்லையில் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். கூண்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவரிடம் சொல்ல மட்டும் ஆளில்லை. அப்படிச் செய்தி வந்தால் எல்லை தாண்டி வந்த பறவை வேண்டாம், உங்கள் ஊரில் வளர்க்கிறவர் வீட்டில் வாங்குங்கள். சோர்ந்து தலை தொங்கும் பறவையைத் தொடவே கூடாது. நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி பிழைக்காது. ஆபத்து உயிர்ப்பறவையையும் பச்சைக் கறியையும் கையாளும்போதுதான்.

பேரப்பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யலாம். பெரிய தாம்பாளத்தில் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கை அவித்து மேடு போலப் பரப்பி, சுட்ட நெஞ்சை நடுவில் முழுசாக வையுங்கள். குழம்பிலிருந்து முழுசாக விட்ட இரண்டு கீழ்க்கால்களை எடுத்து, வெண்ணெய் தடவி, ஓடிஜியில் பத்து நிமிடம் சிவக்கவிட்டு இரண்டு பக்கமும் சாத்துங்கள். அதற்காகவே கால்களை வெட்டும்போது தொடைகளை மட்டும் துண்டாக்கி, கீழ்க்கால் இரண்டையும் துண்டாக்காமல் விட்டுவையுங்கள். மேசையில் பார்த்தால் முழு வான்கோழிதான்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் நெஞ்சுக்கறியைப் பிய்த்துத் தேங்காய்க்கொத்தும் நல்லமிளகும் போட்டு வறட்டினால் அதற்கே இரண்டாம் பந்தி கேட்பார்கள்.